தாகம் தீராத குதிரைப்படை

தோற்றுப்போன ஒரு போரை வாராவாரம் மறுபடி நடத்துகிற மனிதன் உண்மையில் எதை எதிர்பார்க்கிறான்? வெற்றியை என்றால், ஜெயித்த போர்கள் வரலாற்றில் எத்தனையோ கிடக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கலாம். பல்செட்டுக்காரர் எடுத்துக்கொள்ளவில்லை.

பல்செட் செய்வது அவர் தொழில். பிளாஸ்டர் மாவு அச்சில் மெழுகு வைத்து, பல் பதித்து, ஈறு நிற அக்ரிலிக்கை அழுத்தி, தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுப்பார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. சுவர் முழுக்கத் தட்டுகளில் தாடைகள். தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் விழிப்பார். சிரித்தால் அடையாளம் கண்டுகொள்வார். வேலை சுத்தம். பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். கடைவாய்ப் பற்களை எப்போதும் ஒரு மயிரிழை உயரமாக வைத்துவிடுவார்.

பட்டறைக்கு அடுத்த அறையில் சாப்பாட்டு மேஜை. ஞாயிற்றுக்கிழமைகளில் அது போர்க்களம்.

எதிரி, மனைவியின் அண்ணன். பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்டாரே தவிர விசிலை விடவில்லை. அவரிடம் வெள்ளைக்காரக் குதிரைப்படை ஒன்று முழுசாக இருந்தது: ஈயத்தில் வார்த்த வீரர்கள், சிவப்புச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, ஒவ்வொருவனுக்கும் பெட்டியில் தனிப் பள்ளம். நடுவில் கர்னல் துரை, முன்னங்கால்களைத் தூக்கிய கருங்குதிரை மேல். துரையின் மீசையில் ஒரு கீறல்கூடக் கிடையாது. அவரைத் தூக்குமுன் டைம் கீப்பர் கை கழுவிவிட்டு வருவார்.

பல்செட்டுக்காரரிடம் இருந்தது மன்னர் படை. பழைய சாமான் கடைகளில் காலில்லாத குதிரை, தலையில்லாத வீரன் என்று கழித்துப் போட்டதையெல்லாம் பொறுக்கி, கையில் இருந்த பொருளை வைத்து ஒட்டியது. அதனால் மன்னரின் குதிரைகளுக்கு ஈறு நிறத்தில் கால்கள். ஒரு குதிரையின் இடது காது கோரைப்பல். பட்டறைப் பொருள் படைக்குப் போனதுபோலவே படையின் பொருள் பட்டறைக்கும் வந்ததுண்டு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் மேல்செட்டைக் கழற்றி நீட்டி, "என் மேலண்ணத்துல என்னமோ மின்னுதே, என்ன இது?" என்று கேட்டார். அக்ரிலிக்குக்குள் குண்டூசி அளவில் ஒரு வாள். "அடடா, இதைத்தாங்க ரெண்டு வாரமா தேடிட்டிருந்தேன்" என்றாராம் பல்செட்டுக்காரர், நன்றியோடு.

போர் எப்போதும் ஒரே போர்தான். அட்டை போன ஒரு வரலாற்றுப் புத்தகத்தில் அதற்கு அரைப்பக்கம். மன்னரின் குதிரைப்படை மேட்டின் மேலிருந்த பீரங்கியைப் பிடிக்கப் புறப்பட்டது, வழியில் ஆறு, நாள் முழுக்க ஓடிவந்த குதிரைகள் தண்ணீரைக் கண்டதும் நின்று குடிக்க ஆரம்பித்தன, துரையின் படை மேலே வந்து விழுந்தது. கதை முடிந்தது, ராஜ்யமும் முடிந்தது.

மேஜை மேல் ஆறு ஒரு நீலத் துணிப்பட்டை. மேடு, கவிழ்த்த சட்டி. விதி இதுதான்: மன்னர் படை ஆற்றை அடைந்ததும் பகடை உருட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் குதிரைகள் தண்ணீர் குடிக்கின்றன. அவற்றை ஆற்றைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு, அந்த முறையை இழக்க வேண்டும். மற்ற எண் விழுந்தால் தாண்டலாம்.

பல்செட்டுக்காரருக்கு ஒன்று விழும். விழாத வாரங்களில் வேறு ஏதாவது விழும். ஒருமுறை மின்விசிறிக் காற்றில் கொடி பிடித்தவன் விழுந்தான். ஒருமுறை டைம் கீப்பர் தும்மியதில் வலது அணி முழுவதும் விழுந்தது.

"மச்சான், அது தும்மல். கணக்குல வராது."

"சூறாவளி மாப்பிள்ளை. போர்க்களத்துல நடக்கும்."

டைம் கீப்பருக்கு மேல்செட். செய்து கொடுத்தவர் எதிரில் நிற்கும் இதே மாப்பிள்ளைதான். சாப்பிடும்போது இரும்பு மாதிரி நிற்கும் அந்தச் செட், "பாய்ச்சல்!" என்று கத்தும்போது மட்டும் நழுவி வெளியே எட்டிப் பார்க்கும். இது தற்செயல் என்று பல்செட்டுக்காரரின் மனைவி ஒருநாளும் நம்பவில்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது டைம் கீப்பர் தூரத்து ஊரில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விட முடிவு செய்தார். துரையின் படையும் கூடப் போகும். வருகிற ஞாயிறுதான் கடைசிப் போர். ஒருமுறைகூட ஜெயிக்காத பல்செட்டுக்காரர் அந்த வாரம் முழுக்கப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். தப்பான நிறத்தில் பல் வைத்து, இரண்டு செட்டைத் திரும்பச் செய்தார்.

அதே ஞாயிறு மதியம் இன்னொரு விஷயமும் இருந்தது. மகளும் அவள் கட்டிக்கொள்ளப் போகிற பையனும் தாங்களாகவே எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். பையனின் அப்பா முதல்முறையாகச் சாப்பிட வருகிறார். கடைகளில் எடைக்கல்லையும் அளவுகோலையும் சோதிக்கிற அதிகாரி. மனிதர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று கேள்வி.

"மேஜையைக் காலி பண்ணுங்க" என்றாள் மனைவி.

"இன்னிக்கு ஒருநாள்..."

"அவர் எங்க உக்காந்து சாப்பிடுவாரு? உங்க பீரங்கி மேலயா?"

டைம் கீப்பர் சமாதானத்துக்கு வந்தார். "ஏம்மா, பாதி மேஜை உனக்கு, பாதி எங்களுக்கு."

"நீ பேசாத அண்ணா. நீ ஊருக்குப் போறதே எனக்கு நிம்மதி" என்றவள், அண்ணனைப் பார்க்காமல் ஜாடியை டங்கென்று வைத்தாள். கடைசியில் ஆறே எல்லை என்று முடிவானது. மன்னரின் பாசறை சாப்பாட்டுப் பக்கத்தில் மாட்டிக்கொண்டது. குதிரைகள் உப்புக் கிண்ணத்துக்கும் தண்ணீர் ஜாடிக்கும் நடுவே அணிவகுத்தன.

அதிகாரி வந்தார், உட்கார்ந்தார், தட்டுக்கு முன்னால் நின்ற ஈட்டிக்காரனைப் பார்த்தார். மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது என்ன?"

"போருங்க" என்றார் பல்செட்டுக்காரர்.

அதிகாரி ஒரு கவளம் சாப்பிட்டார். மென்றார். "இதுல நம்ம ஆளுங்க யாரு?"

அந்தக் கேள்வியோடு விருந்து கெட்டது என்று சொல்லலாம். விடிந்தது என்றும் சொல்லலாம். டைம் கீப்பர் விசில் ஊதினார். படைகள் நகர்ந்தன. துரையின் படையை டைம் கீப்பர் தன் இரும்பு டேப்பால் அளந்து நகர்த்தினார். பல்செட்டுக்காரர் பட்டறையில் கிடக்கும் மர அளவுகோலால் அளந்தார். அதிகாரியின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவே நின்றது.

"அந்த ஸ்கேலைக் குடுங்க."

வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, முனையைக் கட்டைவிரலால் தடவினார். "முன்னால ஒரு சென்டிமீட்டர் உடைஞ்சு போயிருக்கு. பூஜ்யமே இல்ல. ஒண்ணுல இருந்து ஆரம்பிக்குது. எத்தனை நாளா இதை வச்சு அளக்கறீங்க?"

"வாங்கின நாள்ல இருந்து."

"அப்ப உங்க குதிரைங்க ஒவ்வொரு அடியிலயும் ஒரு சென்டிமீட்டர் குறைச்சலாத்தான் நடந்திருக்கு. கடைக்காரன் வச்சிருந்தா நான் சீல் வச்சிருப்பேன்."

டைம் கீப்பரின் மேல்செட் தானாகவே கொஞ்சம் கீழே இறங்கியது.

"அதான் பல்லு எல்லாம் உசரமா வருதா?" என்றாள் மனைவி.

"அது வேற" என்றார் பல்செட்டுக்காரர்.

அதிகாரி தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பையிலிருந்து அரசாங்க முத்திரை குத்திய அளவுகோலை எடுத்தார். அதன்பின் ஒரு குதிரைகூட அவர் பார்வையிலிருந்து தப்பவில்லை. "மாமா, உங்க துரை கோட்டுக்கு வெளிய நிக்கறாரு" என்று மகளும் சேர்ந்துகொண்டாள். "துரைன்னா அப்படித்தான் நிப்பாரு" என்ற டைம் கீப்பரின் வாதம் நிராகரிக்கப்பட்டது. நேர்மையாக அளந்ததில் மன்னர் படை வழக்கத்தைவிட ஒரு முறை முன்னதாகவே ஆற்றங்கரைக்கு வந்துவிட்டது. துரையின் படை இன்னும் மேட்டுக்குப் பின்னால். தாண்டினால் பீரங்கி. பீரங்கி கிடைத்தால் போர் முடிந்தது. அது எல்லோருக்கும் தெரிந்தது, குழம்புக் கரண்டியோடு நின்ற மனைவிக்கும்.

"உருட்டுங்க" என்றார் அதிகாரி.

பல்செட்டுக்காரர் பகடையை இரண்டு கைக்குள்ளும் வைத்து வெகுநேரம் குலுக்கினார். உருண்டது. ஜாடியில் மோதித் திரும்பி, உப்புக் கிண்ணத்தின் ஓரத்தில் நின்றது.

ஐந்து.

மகள் கத்தினாள். சிரித்து யாரும் பார்க்காத அதிகாரி சிரித்தார். கீழ்வரிசையில் இரண்டு பல் இல்லை என்பது பல்செட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கும். "தாண்டுங்க, தாண்டுங்க, நிக்காதீங்க!" என்று மேஜையைத் தட்டினாள் மனைவி. அதுவரை அவள் அந்த மேஜையைத் துடைத்திருக்கிறாள், தட்டியதில்லை. டைம் கீப்பர் துரையை ஒருமுறை பார்த்துவிட்டு, "சரி மாப்பிள்ளை. நியாயம்தான். வாங்க" என்றார்.

பல்செட்டுக்காரர் கையை நீட்டினார். முதல் குதிரையை எடுத்தார், கோரைப்பல் காது கொண்ட குதிரை. அதைத் தாண்ட வைக்கவில்லை. கரையிலேயே வைத்து, நீலத் துணியைப் பார்த்துத் திருப்பினார். ஈறு நிறக் கால்கள் துணியின் ஓரத்தைத் தொட்டன. பிறகு அடுத்தது. அதற்கடுத்தது. எல்லாவற்றையும் வரிசையாக, ஒன்றை ஒன்று இடிக்காதபடி இடம்விட்டு வைத்தார்.

"மாப்பிள்ளை, அஞ்சு விழுந்திருக்கு. குடிக்க வேண்டியதில்ல."

"தெரியும் மச்சான்."

"விதியில அப்படி இல்ல" என்றார் அதிகாரி.

"கூடாதுன்னும் இல்லீங்க."

"என்னங்க, பீரங்கி அங்க இருக்கு!" என்றாள் மனைவி, கரண்டியால் காட்டி. குழம்பு ஒரு சொட்டு மேட்டின் மேல் விழுந்தது.

"இருக்கட்டும். உங்க முறை மச்சான்."

டைம் கீப்பர் விசிலை வாயில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். கடைசியில் ஊதினார், இதுவரை ஊதியதில் மிக மெல்லிய ஊதல் அது. துரையின் படை மேட்டிலிருந்து இறங்கியது. அரைப்பக்கத்தில் எழுதியிருந்தபடியே எல்லாம் நடந்தது.

ஜெயித்துவிட்டால் மச்சான் திரும்பி வர மாட்டார் என்று பயந்திருப்பார் என்பது மகளின் ஊகம். மனைவிக்கு அது வெறும் பிடிவாதம். அதிகாரிக்குத்தான் தூக்கம் போயிற்று. கல்யாணம் ஆகி, சம்பந்தியான பிறகும், கீழே இரண்டு பல் கட்டிக்கொள்ளப் பட்டறைக்கு வந்து உட்கார்ந்து கேட்பார்: "இப்பவாவது சொல்லுங்க சம்பந்தி. அன்னிக்கு அஞ்சு விழுந்துச்சே, ஏன் தாண்டல?"

பல்செட்டுக்காரர் மெழுகை விளக்கில் காட்டி இளக்கிக்கொண்டே, "கொஞ்சம் வாயைத் திறங்க" என்பார்.