மலையைக் காணோம்!

போன சனிக்கிழமை மதியம், மனைவியின் ரவிக்கையை வாங்கி வர மண்ணூர்பேட்டை டெய்லர் வசந்தாவிடம் போனேன். வழக்கமாக மனைவிதான் போவாள். இப்போது முட்டி வலி. "துணிய வாங்கினோமா வந்தோமான்னு இருங்க. அங்க உக்காந்து வாயடிக்காதீங்க" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

வாயடித்தேன்.

வசந்தாவின் கடை ஒரு கதவு அகலம். ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், சுவரெல்லாம் ரவிக்கைகள். பின்னால் வீடு. பன்னிரண்டு வருடமாக எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரின் அளவும் அவளுடைய நீள நோட்டில் இருக்கிறது. யார் அளவையும் அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. டேப்பை இழுப்பாள், கண்ணால் படிப்பாள், எழுதிக்கொள்வாள். டாக்டர்கள்கூட இவ்வளவு ரகசியம் காப்பதில்லை.

அன்று அவள் ஒரு பச்சைப் பட்டு ரவிக்கையின் கையைப் பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தாள். குட்டையான பஃப் கை. ஓரத்தில் ஜரிகை. இன்னும் யாரும் போடாத புதுத் துணி.

"என்ன வசந்தா, தச்சதை நீயே பிரிக்கிற? அளவு தப்பிப் போச்சா?" என்று வம்புக்கு இழுத்தேன்.

"என் அளவு என்னிக்கு நைனா தப்பிப் போச்சு? நீ எழுதினதுக்குதான் பிரிச்சிகினு கீறேன்."

நான் எழுதியதற்கா?

உங்களுக்கு நினைவிருக்கலாம். ஐந்து வாரம் முன்பு இதே பத்தியில் ஒரு நடிகையைப் பற்றி எழுதினேன். "பாடல் காட்சியில் அம்மணி வந்து நின்றார்… பின்னாலிருந்த மலையைக் காணவில்லை!" என்று. நீங்களும் சிரித்தீர்கள். மறுக்காதீர்கள் — எனக்கு வந்த வாட்ஸப் பொம்மைகள் எல்லாம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தன. கடைசி பாராவில், "இளைய தலைமுறைக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டியவர்கள் உடம்பைப் பேண வேண்டாமா?" என்று கவலையும் பட்டிருந்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கவலை எல்லாம் ஒன்றும் கிடையாது. அந்த வாரம் எழுத விஷயம் சிக்கவில்லை. உதவி ஆசிரியர் மூன்று முறை போன் செய்துவிட்டார். ஒரு பெண்ணின் உடம்பு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது… எடுத்துக்கொண்டேன். முன்மாதிரி, ஆரோக்கியம் எல்லாம் மேலே தூவிய கொத்தமல்லி. அதே படத்தின் நாயகனுக்கும் தொப்பை உண்டு. கோட்டுக்குள் அடங்காத தொப்பை. அதற்கு நான் வைத்த பெயர் 'கம்பீரம்'.

வசந்தாவின் தங்கை நித்யா. டிப்ளமா படித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. சின்ன வயதிலிருந்தே பூசினாற்போல் இருப்பாள். அவளுக்கு நிச்சயதார்த்தம். பச்சை ரவிக்கை அதற்குத்தான். அந்த நடிகை ஏதோ ஒரு விழாவுக்குப் போட்டு வந்த மாடல்.

"உன் பேப்பர கம்பெனி பஸ்ல ஒருத்தி சத்தமா பட்ச்சிருக்கா நைனா. பஸ்சே சிரிக்குது. அன்னிலேந்து இவ ஜன்னல் ஓரம் குந்தினா, 'நவுரு நித்யா, அம்பத்தூர காணோம்'னு ஒரே கலாய். இவளும் கூட சேந்து சிரிச்சிகினு வந்துட்டா. ஊட்டுக்கு வந்து, 'அக்கா, கைய முட்டி வரைக்கும் மூடி வெச்சுடு'ன்னா. சோறு துன்றத வுட்டா. புதங்கெழம கம்பெனில மிசின் பக்கத்துல தல சுத்தி வுயுந்துட்டா."

அங்கேயே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் பத்தி எழுதுகிறவன் இல்லையா? சட்டென்று ஒரு சால்ஜாப்பு வந்துவிட்டது.

"நான் உன் தங்கச்சிய எழுதலையே வசந்தா. அந்த நடிகையைத்தானே…"

"அந்தம்மா உன் பேப்பர பட்ச்சாங்களா?"

"படிச்சிருக்க மாட்டாங்க."

"அப்ப யாரு பட்ச்சது? அந்தம்மா மாரி உடம்பு கீறவதான பட்ச்சா?"

நாற்பது வருடமாக எழுதுகிறேன். நான் எறிவதெல்லாம் எங்கே போய் விழுகிறது என்று ஒருமுறைகூட எட்டிப் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து, ரெண்டாம் ஷிஃப்டுக்குக் கிளம்பி நித்யா உள்ளேயிருந்து வந்தாள். முகம் ஒட்டியிருந்தது. யூனிஃபார்ம் தோளில் தொங்கியது. வசந்தா அவள் பையிலிருந்த டிபன் பாக்ஸைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஆறு துண்டு வெள்ளரிக்காய்.

"இன்னா பாக்கற? ராத்திரி பத்து மணி வரிக்கும் இதான்."

நான் எழுந்து நின்றேன். "மன்னிச்சிடும்மா. நீ இருக்கற மாதிரியே நல்லாத்தான் இருக்க…"

நித்யா சிரித்தாள். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "ஒரு வாரம் மலைன்னு சொல்றீங்க. இந்த வாரம் நல்லாருக்கன்னு சொல்றீங்க. நான் எந்த வாரத்து அளவுக்கு சார் ப்ளவுஸ் தைக்கிறது?"

அவளே தொடர்ந்தாள்.

"அவங்க மட்டும்தான் சார் என்னை மாதிரி உடம்போட டூயட் ஆடுனாங்க. ஹீரோயின் ஃப்ரெண்டா வரல, காமெடிக்கு வரல. அவங்களப் பாத்துதான் எனக்கும் கை தெரியப் போடலாம்னு ஒரு தைரியம் வந்துச்சு. அதைப் போய்…"

முடிக்கவில்லை. வசந்தா கழுத்திலிருந்த டேப்பை உருவினாள்.

"நைனா, கைய தூக்கு."

"எனக்கு எதுக்கு?"

"காணாப் போன மலைய தேடறேன்."

இடுப்பைச் சுற்றி டேப் வந்தது. நான் அனிச்சையாக மூச்சை உள்ளே இழுத்தேன்.

"மூச்ச உடு நைனா. போட்டோ எடுக்கல."

விட்டேன். டேப் நழுவிக்கொண்டே போனது. பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக வசந்தா ஓர் அளவை வாய்விட்டுச் சொன்னாள். தெருமுனை ஆட்டோ ஸ்டாண்ட் வரை கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நாப்பத்தஞ்சே கால்!"

ஆட்டோக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். "மலை கெடச்சிடுச்சுக்கா!" என்றாள் நித்யா. அக்காவும் தங்கையும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் காது இரண்டும் சுட்டன. இத்தனை வயசுக்கு மேல், எனக்குப் பிடித்த இரண்டு பேர் முன்னால், ஒரே ஒரு தடவை… அதற்கே இப்படி. இந்தப் பெண் ஐந்து வாரமாக ஒரு பஸ் முழுக்கச் சிரிக்கக் கேட்டிருக்கிறாள். அந்த நடிகை? ஊரே சிரிக்கக் கேட்டிருப்பார்.

"இதை எழுதுங்க சார்" என்றாள் நித்யா. "மலைன்னு எழுதுன அதே எடத்துல, உங்க போட்டோவுக்குக் கீழ. எழுதினா கை பழையபடியே இருக்கட்டும். நானும் ஒழுங்கா சாப்பிடறேன்."

"நாற்பத்திரண்டுன்னு போட்டுக்கட்டுமா?"

"முழுசா போடணும்."

"அந்தக் கால் அங்குலமாவது…"

"அதுவும்தான்!"

கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. "இன்னிக்கே சாப்பிடேம்மா" என்று கெஞ்சினேன். "மொதல்ல பேப்பர்ல வரட்டும் சார்" என்று சொல்லிவிட்டு ஓடினாள், அந்த ஆறு துண்டு வெள்ளரிக்காயோடு.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மனைவியிடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டாள். "நாப்பத்தஞ்சே காலா? வசந்தா உங்க மேல எரக்கப்பட்டு கொறச்சு சொல்லியிருக்கா" என்றாள். பிறகு ரவிக்கை எங்கே என்று கேட்டாள். அதைக் கடையிலேயே மறந்திருந்தேன்.

பத்தி அனுப்ப வேண்டிய கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே இதை எழுதி அனுப்பிவிட்டேன். உதவி ஆசிரியர் போன் செய்தார். "சார், அந்த அளவு அவசியமா? எடுத்துடட்டுமா?" எத்தனை கரிசனம் பாருங்கள்! மலை வரியை அனுப்பியபோது அவர் இப்படி எதுவும் கேட்கவில்லை.

வெட்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அம்மணியிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். அவர் இதைப் படிக்கப்போவதில்லை. படிக்க வேண்டிய பெண் படிப்பாள். நாளை மறுநாள் அவளுக்கு நிச்சயதார்த்தம்.

நாற்பத்தைந்தே கால் அங்குலம், வாசகர்களே. மூச்சை விட்ட பிறகு. தாராளமாகச் சிரியுங்கள்.

நித்யா, உட்கார்ந்து சாப்பிடும்மா. வசந்தா… நீ பிரித்த அந்தப் பஃப் கையை மறுபடி வைத்துத் தை.