அப்பாவுக்கு நரை போட்ட நாள்

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு ஓசூரில் பெயின்ட் அடித்தேன், திருப்பூரில் பனியன் மடித்தேன், இப்போது பெயர்கூட நினைவில்லாத ஊர்களில் மூட்டை தூக்கினேன். கல்லூரி என்ற ஒன்றுக்குள் நான் கால் வைத்தது ஒரே தடவைதான். அப்போது நான்காவது படித்துக்கொண்டிருந்தேன்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில் இருந்தது அந்த ஓவியக் கல்லூரி. வருஷத்தில் ஒரு நாள் கேட்டைத் திறந்துவிட்டு ஊர்மக்களை உள்ளே கூப்பிடுவார்கள். மாணவர்கள் செய்த சிலைகளும் நாற்காலிகளும் துணிகளும் பெரிய கூடத்தில் பார்வைக்கு இருக்கும். மேடையில் யாராவது பேசுவார்கள். அந்த நாளுக்கு ஷாமியானாவும் சேரும் வாடகைக்குக் கொடுப்பது என் மாமா, அம்மாவின் அண்ணன்.

அப்பா ஆந்திரா பக்கம் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பியவர். முதலில் பணம் நின்றது, பிறகு போன் நின்றது. எனக்கு அவர் முகம் நினைவில் இல்லை. எங்கோ கிணறு தோண்டும்போது மண் சரிந்து செத்துவிட்டார் என்று யாரோ சொன்ன பேச்சை மாமா மெல்ல மெல்ல நம்பத் தொடங்கியிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. எங்களுக்குச் சோறு போட்டது அவர்தான். சேர் அடுக்கும் கொட்டகையை ஒட்டிய அறையில் எங்களைக் குடிவைத்ததும் அவர்தான். ஆனால் அவர் மகளுக்கு வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போயின. செத்தவனுக்குக் கருமாதி செய்யாமல் விட்ட குடும்பத்தில் நல்ல காரியம் கூடிவராது என்று ஜோசியர் சொல்லிவிட்டார்.

கருமாதிக்கு மாலை போட ஒரு பெரிய படம் வேண்டும். எங்களிடம் இருந்ததோ ஸ்டாம்ப் அளவில் ஒரே ஒரு போட்டோ. அதை ஸ்டுடியோவில் பெரிதாக்கியபோது முகம் தண்ணீரில் கிடந்த சோப்பு மாதிரி வந்தது. கல்லூரி திறந்திருக்கும் நாளில் மாணவர்கள் ஊர்க்காரர்களை உட்காரவைத்துப் படம் வரைந்து கொடுப்பார்கள் என்பது அப்போதுதான் மாமாவுக்கு ஞாபகம் வந்தது.

கருமாதி நடந்தால் அம்மாவின் பொட்டும் பூவும் அன்றோடு போகும் என்பது எனக்குத் தெரியாது. பெரிய படம் கிடைத்தால் அதைக் காட்டி அப்பாவைத் தேடலாம் என்று நினைத்துக்கொண்டு, மாமாவின் குட்டியானை வண்டியில் சேர்களுக்கு நடுவே உட்கார்ந்து போனேன்.

கலை மக்களுக்கே சொந்தம் என்று ஒருவர் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். மக்கள் மோர் கொடுக்கும் இடத்தில் இருந்தார்கள். பூவரச மரத்தடியில் மாணவர்கள் படம் வரைந்தார்கள். எங்கள் முறை வந்தபோது, மூக்கெல்லாம் கரி அப்பியிருந்த ஒரு பெண் போட்டோவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ரொம்ப சின்ன வயசா இருக்காரே, எப்பக்கா எடுத்தது?"

"அது கெடக்குது. இருக்கற மாதிரியே போடும்மா," என்றார் மாமா. "மாலை போட்டா எடுப்பா இருக்கணும்."

அந்தப் பெண் மாமாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் நெற்றியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் வரையத் தொடங்கினாள். கண் வந்தது, மூக்கு வந்தது. மீசைக்கு வந்தபோது அம்மா வாயைத் திறந்தாள்.

"மீசைய சின்னதாக்கும்மா. இப்பல்லாம் ஒட்டத்தான் வெட்டிக்கறாரு."

கரி நின்றது.

"காதோரம் நரை போடு. கண்ணாடி போட்டிருக்காரு, கறுப்பு பிரேம். எடது புருவத்துல ஒரு தழும்பு, தையல் போட்டது."

"மச்சான் எப்ப கண்ணாடி போட்டாரு?" என்று கேட்டார் மாமா. அவர் குரல் இறங்கியது. "எங்க பாத்த?"

"அண்ணே, மேடைகிட்ட சேர் பத்தலயாம். ஒன்னத்தான் கூப்புடறாங்க."

யாரும் கூப்பிடவில்லை. மாமா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சேர் பத்தாத இடத்துக்குப் போகிறவர் போலவே போனார். சற்று நேரத்தில் கேட்டுப் பக்கம் குட்டியானை கிளம்புகிற சத்தம் கேட்டது.

சாயங்காலம் எல்லாப் படங்களையும் கயிறு கட்டித் துணி கிளிப்பில் தொங்கவிட்டார்கள். மற்றவர்கள் தங்கள் படத்துக்குப் பக்கத்தில் நின்று போனில் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் நிற்க ஆள் இல்லை. ஆள் இல்லாமல் ஒரு ஆம்பளையின் பெரிய படம் தொங்கினால் எங்கள் ஊர்ப்பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான். வந்த ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள்.

"பாவம், எப்ப தவறுனாரு?"

"தவறல," என்றாள் அம்மா. "உசுரோடதான் இருக்காரு."

"அப்ப ஏன் கூட வரல?"

"வரல, அவ்ளோதான்."

அந்த அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு, பக்கத்தில் நின்றவளிடம் ஏதோ சொன்னாள். இருவரும் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் முன்பிருந்த பாவம் இல்லை.

மரத்தடியிலேயே மாமாவுக்கு விளங்கியது எனக்கு மீசை முளைத்த பிறகுதான் விளங்கியது. கணவனின் நரையை ஒருத்தி நினைத்துப் பார்த்துச் சொல்லலாம். தையல் போட்ட தழும்பை யாரும் நினைத்துச் சொல்ல மாட்டார்கள். அப்பாவுக்குக் கடலூருக்கு மேற்கே நெல்லிக்குப்பத்தில் வேறு வீடு, வேறு பிள்ளைகள். அம்மா அவரை அங்கே கடைத்தெருவில் பார்த்திருக்கிறாள். பேசாமல் திரும்பி வந்து, பார்த்ததை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறாள். செத்தவன் பெண்டாட்டியாக இருந்திருந்தால் அண்ணன் வீட்டுச் சோறாவது நிலைத்திருக்கும். விட்டுப்போனவன் பெண்டாட்டியை வைத்துக்கொண்டு மாமா தன் மகளுக்கு வரன் தேட முடியாது. அடுத்த மாதமே நாங்கள் அந்த அறையைக் காலி செய்தோம். அதற்குப் பிறகு நாங்கள் குடியிருந்த இடங்களைச் சொன்னால் நீளும்.

ஆனால் அன்றைக்கு எனக்குச் சந்தோஷம். பார்க்காததையெல்லாம் அம்மா எப்படிச் சொல்லி வரையவைத்தாள் என்று வியப்பாக இருந்தது. கடலூர் பஸ்ஸில் சுருட்டிய படத்தை நசுங்காமல் மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். அம்மா கம்பியில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்களில் கறுப்பு பிரேம் கண்ணாடி போட்டவர் யாராவது உண்டா என்று எக்கி எக்கிப் பார்த்தேன்.

"யாரப் பாக்கற?" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

"அப்பாவ."

"அவரு இந்தப் பக்கத்து பஸ்ல வரமாட்டாரு. தூங்கு."

எந்தப் பக்கத்து பஸ்ஸில் வருவார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.