மார்புப் புண்ணுக்கு மருந்து கட்டுகிறவள்

மருந்து கட்டும் அறையில் வேலை பார்க்கிற தாதிக்குக் கல்முனைக் கரை முழுக்கப் பழக்கம்தான். தெருவில் நின்று கதைக்க மட்டும் ஒருவரும் இல்லை. இதே பாடு படுகிற தாதிமாரே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

காரணம்

ஸபீனா தன் உம்மாவோடு வந்தாள். பிள்ளை பால் மறந்து இரண்டு வருடம். மார்பு கல்லாய் இறுகிச் சிவந்திருந்தது. பால்கட்டு என்று நினைத்து மல்லிகைப் பூ வைத்துக் கட்டியிருந்தார்கள். இரண்டு தரம் கீறியும் சீழ் நிற்கவில்லை. தசைத் துண்டு எடுத்துச் சோதித்ததில் புற்றுநோயும் இல்லை, காசநோயும் இல்லை, நாட்பட்ட அழற்சி. ஏன் வருகிறது என்று சரியாகத் தெரியாது என்றார் டாக்டர்.

உம்மா என் பக்கம் திரும்பினார்: “காரணம் தெரியாட்டி நாங்க கண்ணூறு எண்டு சொல்லுவம். நீங்க என்னெண்டு சொல்லுவீங்க, மிஸ்?”

முகம்

ஸ்டீரொயிட் குளிசை கொடுத்தார்கள். புண் வற்றத் தொடங்கியது, முகம் ஊதியது. எங்கள் பக்கம் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் குடியிருப்பார். ஸபீனாவின் மாப்பிள்ளையோ சீழ் வாடை பிடிக்கவில்லை என்று தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டார். முகம் பழையபடி ஆனால் திரும்பி வருவார் என்று நம்பி, இவள் யாருக்கும் சொல்லாமல் குளிசையை நிறுத்தினாள். புண் இன்னொரு இடத்தில் வெடித்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, நன்றாக ஏசினேன்.

அழுதுகொண்டே சொன்னாள்: “சனமெல்லாம் முகத்தப் பாத்து நல்லா உடம்பு வச்சிட்டாய் எண்டு சொல்லுது, மிஸ். அவரு மட்டும் வந்து பாக்கல்ல.”

சஹன்

மருதமுனையில் ஒரு கலியாணம். ஒரு சஹன், அதாவது ஒரே பெரிய தட்டுச் சோற்றைச் சுற்றி ஆறு பேர் உட்கார வேண்டும். என் பக்கத்தில் வந்து குந்திய ஸபீனா, என் முகத்தைக் கண்டதும் எழும்பி அடுத்த சஹனுக்குப் போனாள். அந்த இடம் கடைசிவரை காலி.

அடுத்த முறை கட்டு மாற்ற வந்தபோது சொன்னாள்: “குறை நினைக்காதீங்க, மிஸ். மதினி கூட இருந்தா, அவவுக்கு இந்தப் புண் விசயம் தெரியா. உங்கள எப்பிடித் தெரியும் எண்டு கேட்டா நான் என்னத்தச் சொல்ற?”

கடைசிக் கட்டு

குளிசையைத் திரும்பத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அவள் முதலில் வந்து எட்டாம் மாதம் புண் மூடியது. இனி வரத் தேவையில்லை என்றேன். சந்தோஷம்தான், மனதில் ஒரு ஓரம் வெறிச்சென்றும் இருந்தது. அவள் அபாயாவைச் சரிசெய்தபடி சிரித்தாள்.

“அவரு நேத்து பேக்கோட வந்துட்டாரு, மிஸ். இவ்வளவு நாளும் யாரு மருந்து கட்டின எண்டு கேட்டாரு. நானேதான் கட்டின எண்டு சொல்லிட்டன்.”

புண் ஆறியதற்கு அடையாளம் தாதியை மறப்பதுதான் என்றால், இந்தக் கரையில் என்னைப் போல் கைராசிக்காரி வேறு யாருமில்லை.