சுதர்ஷினி பிரித்த பிரேக் சிலிண்டர்

பொகவந்தலாவைப் பாதையில் பள்ளிக்கூட வேன் ஓட்டும் சுதர்ஷினி நாலு நாளாக வண்டிச் சாவியைத் தொடவில்லை. திங்கட்கிழமை காலை இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. வேனை மலைப்பக்கத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறக்கி நிறுத்தினாள். பிள்ளைகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் ஊர் வாய் சும்மா இருக்குமா? "பொம்பள பதற்றத்துல கிளச்ச மிதிச்சிருப்பா" என்றார்கள். சொன்னவர்களில் பாதிப் பேருக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. கொடுமை என்னவென்றால், அவளே அதைப் பாதி நம்பிவிட்டாள்.

கராஜில் மெக்கானிக் நஜீம் நானா கழற்றிப் போட்ட பிரேக் சிலிண்டரைக் கேட்டு வாங்கினாள்.

"பழைய இரும்ப வச்சு என்ன செய்யப் போறீங்க தங்கச்சி?"

"உள்ள எப்படி வேல செய்யுதுன்னு பாக்கணும் நானா. தப்பு இதுலயா, என் கால்லயான்னு தெரியாம இனி ஓட்ட மாட்டேன்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வாசலில் பேப்பரை விரித்து, சிலிண்டரின் பூட்டு வளையத்தை நெம்பி எடுத்தாள். உள்ளே ஒரு சுருள் கம்பி, ஒரு பிஸ்டன், அதன் தலையில் ரப்பர். இவ்வளவுதானா என்றிருந்தது. மிதித்தால் ரப்பர் எண்ணெயைத் தள்ளும். காலை எடுத்தால் மேலேயுள்ள சின்னத் துளை வழியாக எண்ணெய் இறங்கி நிரம்பும். ஆனால் ரப்பர் ஊதிப்போயிருந்தது. துளையை வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது. சுரண்டி மோந்து பார்த்தாள். தேங்காயெண்ணெய். எங்கள் மலைக் குளிருக்குப் போத்தலுக்குள் கட்டியாகிக் கிடக்குமே, அதேதான்.

"என்னங்க, இங்க வாங்க!"

புருஷன் ஜீவராஜ் பார்த்தான். முகம் செத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பிரேக் ஒயில் குறைந்திருக்கிறதென்று ஊற்றியவன் அவன்தான்.

"கோயில் வெளக்குக்கு எண்ணெய் கொண்டுபோன போத்தல் புள்ள. பிரேக் ஒயில் தீந்த போத்தல்லதானே அத ஊத்தி வச்சிருந்தோம். மத்தியான வெயில்ல தண்ணியா இருந்துச்சு, வித்தியாசம் தெரியல."

அடி விழும் என்று நினைத்தான். அவளோ அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"அப்ப நான் பிரேக்கத்தான் மிதிச்சேன். பிரேக்கத்தாங்க மிதிச்சேன்."

நெஞ்சிலிருந்து பாறையைப் புரட்டிப் போட்டது போலிருந்தது அவளுக்கு. திட்டு பிறகுதான் வந்தது. அது வஞ்சனையில்லாமல் வந்தது.

அன்று மாலையே ஜீவராஜ் தோட்டத்து லயத்து வீடுகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கித் தன் தப்பைச் சொன்னான். நஜீம் எண்ணெயை முழுதாக வடித்து, சக்கரத்து ரப்பர்கள்வரை மாற்றிக் கொடுத்தார்.

அடுத்த திங்கட்கிழமை பிள்ளைகள் ஒருவர் விடாமல் ஏறினார்கள். முன்சீட்டில், யாரும் கேட்காமலே, ஜீவராஜும் ஏறி உட்கார்ந்தான்.

"நீங்க எதுக்குங்க?"

"தொணைக்கு."

"எனக்குப் பயமில்ல. எறங்குங்க."

உண்மையிலேயே அவளுக்குப் பயமில்லை. அவன் இறங்கிக்கொண்டான்.