கீழே ஓடும் வரி

என் அம்மா மீனம்பாள் செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடம் சத்துணவு சமைத்தவள். காலையில் காப்பியோடு உட்கார்ந்து லோக்கல் சேனலில் படத்துக்குக் கீழே ஓடும் மரண அறிவிப்பைப் படிப்பாள். யார் பெயர் வந்தாலும் மாலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். "கல்யாணத்துக்குக் கூப்டாதான் போவணும். சாவுக்குத் தெரிஞ்சாலே போவணும்" என்பாள்.

கூடச் சமைத்த ராஜாம்பாளோடு அவளுக்கு ஒரு பேச்சு. முதலில் போகிறவளுக்கு மற்றவள் வாய்க்கரிசி போட வேண்டும். "ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் ஒல வச்சோம், நமக்குள்ள ஒரு பிடி அரிசி போட மாட்டமா?" என்று மகள்கள் எங்கள் முன்னாலேயே சொல்லி இருவரும் சிரிப்பார்கள்.

சித்திரையில் கேபிளை நிறுத்தியது நான்தான். எங்களுடையது பழைய டப்பா டிவி. மூன்று கலர் ஒயர் செருகும் ஒரு சின்னப் பெட்டியை வாங்கி, அதன் வழியாக நெட்டில் படம் வரும்படி செய்தேன். கேட்ட படம் கேட்ட நேரத்தில் வந்தது. அம்மா வாயைப் பிளந்தாள்.

ஆவணியில் ஒருநாள், "நாலு மாசமா நம்ம ஊர்ல ஒரு சாவு இல்லடி. நல்ல காலம் பொறந்துடுச்சி" என்றாள்.

"மாலைக் கடைக்காரர் பாவம்மா" என்று சிரித்தேன். எதை வைத்துச் சொல்கிறாள் என்று யோசிக்கவில்லை.

அந்த வாரமே பஸ் ஸ்டாண்டு பக்கம் காய் வாங்கப் போனோம். ராஜாம்பாளின் மகள் சுவாதி எதிரே வந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து, "உங்கம்மாவுக்கு முட்டி வலி தேவலையா?" என்றாள்.

சுவாதி கையை உருவிக்கொண்டாள். "இன்னா பெரிம்மா, கிண்டலா? அம்மாவ எடுத்து ஒம்போது நாளாவுது."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "கீழ ஓடலியேடி. தெனம் பாத்தனே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. லோக்கல் சேனலே வராத டிவியில், நான்கு மாதமாக ஒவ்வொரு படத்தின் அடியிலும் அவள் அந்த வரியைத் தேடியிருக்கிறாள்.

"கேபிள்ல ரெண்டு நாளு ஓடிச்சி" என்றாள் சுவாதி. "எல்லாருக்கும் போன் போட்டன். உனக்குப் போடணும்னே தோணல. எந்த சாவுக்கும் மொத ஆளா நிக்கறவ நீதான? தூக்கற வரைக்கும் தெருவையே பாத்துனு இருந்தோம்."

அம்மா காய்ப் பையைத் தரையில் வைத்தாள். திரும்ப எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை.

காரியத்தன்று முந்தானையில் ஒரு பிடி அரிசி முடிந்துகொண்டு போனாள். மாலை போட்ட படத்தின் முன் வெகுநேரம் நின்றாள். படத்தின் வாயில் அரிசி போட முடியாதே. முடிச்சை அவிழ்க்காமலே திரும்பினாள். மறுநாளே கேபிள் இணைப்பைத் திரும்ப வாங்கினேன்.

போன மாதம் அம்மா போய்விட்டாள். அழுகை வருமுன் கேபிள் அலுவலகத்துக்குத்தான் போன் செய்தேன். பெயர் ஓடத் தொடங்கியதும் சுவாதிக்குத் தனியாகப் போன் போட்டேன்.

"பாத்துட்டன்க்கா" என்றாள். "அரிசி எடுத்துனு கெளம்பிட்டன்."