கடைக்குள் பெய்த பனி

அண்ணா நகரில் கதைப்புத்தகத்துக்குள் நுழைவது போல ஜோடித்த கடை ஒன்று இருக்கிறது. மகளைக் கூட்டிப் போயிருந்தேன். உள்ளே இருந்த காளான் வடிவ வீட்டருகே நின்றதும் கூரையிலிருந்து வெள்ளையாகப் பனி கொட்டியது. அவள் நாக்கை நீட்டினாள். நான் சட்டென்று அவள் வாயைப் பொத்தினேன்.

முயல் காது மாட்டியிருந்த கடைப்பெண், "சோப்பு நுரைதான் மேடம், ஒண்ணும் ஆகாது" என்றாள்.

இதே சமாதானத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். சின்ன வயதில், நெட்டுக்குப்பத்தில் காற்று திரும்பினால் பக்கத்து அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிச் சாம்பல் எங்கள் தெருவில் இறங்கும். நானும் தங்கையும் நாக்கை நீட்டிக்கொண்டு ஓடுவோம். காயவைத்த நெத்திலியை அவசரமாக வாரிக்கொண்டே அம்மா கத்துவாள்: "வாய மூடுங்கடி! இன்னா கருமமோ கொட்டுது!" கழுவி வைத்த தட்டையும் விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் சோறு போடுவாள்.

ஒருநாள் ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். "வெறும் சாம்பல்தாம்மா, ஒண்ணும் ஆகாது" என்றார்.

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆவாதுன்னா, நீ எதுக்கு நைனா கர்ச்சீப்பால மூக்கப் பொத்திகினு கீற?"

கடைப்பெண்ணைத் திரும்பப் பார்த்தேன். முயல் காதுகளுக்குக் கீழே, மூக்கை இறுக்கி மூடிய மாஸ்க்.

மகளின் வாயிலிருந்து கையை எடுக்காமலே வெளியே வந்தேன்.