காலண்டரில் போட்ட சிவப்பு வட்டம்

மாதவிலக்குக்கு முந்தைய வாரம் எனக்கு நரகம். காரணமில்லாமல் அழுகை வரும். தொட்டதற்கெல்லாம் கோபம் வரும். நான் தையல் வேலை பார்க்கும் கார்மென்ட்ஸில் பெண்களுக்காக ஒரு கூட்டம் நடந்தது. "அந்த நாட்களை காலண்டர்ல குறிச்சு வைங்க, வீட்டுல சொல்லுங்க, அனுசரிச்சுப்பாங்க" என்றார் பேச வந்த மேடம். ஸ்ரீராம்புரத்தில் இருக்கும் எங்கள் ஒற்றை அறை வீட்டில் அன்றே சிவப்பு வட்டங்கள் போட்டேன்.

முதல் மாதம் கணவர் பாத்திரம்கூடத் துலக்கினார். அடுத்த மாதத்திலிருந்து நான் வாயைத் திறந்தாலே காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார்.

அப்படி ஒரு வட்ட நாளில், காலையில் அடுப்பருகே கேஸ் வாடை அடித்தது. சிலிண்டரை மூடிவிட்டு அவரிடம் சொன்னேன். "இன்னிக்கு உனக்கு எல்லாமேதான் நாறும், போ" என்று சிரித்துக்கொண்டே சிலிண்டரைத் திறந்து, காபி போட லைட்டரை எடுத்தார். பதறிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"பாரு, ஆரம்பிச்சுட்டே" என்று என் கையை உதறினார்.

அப்போது பாயிலிருந்து எழுந்து வந்த எங்கள் ஒன்பது வயது மகள், "அப்பா, கேஸ் ஸ்மெல் வருது" என்றாள். சட்டென்று லைட்டரைக் கீழே வைத்துவிட்டுச் சிலிண்டரை மூடினார். பார்த்தால், கேஸ் டியூப் நீளவாக்கில் விரிசல் விட்டிருந்தது.

டியூபை மாற்றிவிட்டோம். காலண்டரில் வட்டம் போடுவதை நிறுத்திவிட்டேன். பயனில்லை, அவர் மனதிலேயே நாள் கணக்குப் போடுகிறார். அதனால் அந்த வாரத்தில் முக்கியமாக எதையாவது சொல்ல வேண்டுமென்றால் மகளை விட்டுச் சொல்ல வைக்கிறேன்.

அவள் பெரியவளாகும் வரைக்கும் அவள் பேச்சு எடுபடும்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெங்களூரு